உடைக்கும் கருவியும் உயிரின் விலையும்

(ஓட்டப்பிடாரத்தில் நடைபெற்ற அரசியல் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



விமானத் தளங்களைத் தகர்க்கும் குண்டுகளைப் பற்றி ஓட்டப்பிடாரத்திலே பேசுவானேன் என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். மழையைப் பற்றிப் பேசலாம். உளுந்தின் விலையைப் பற்றிப் பேசலாம். உப்பளத் தொழிலாளியின் கூலியைப் பற்றிப் பேசலாம். குண்டுகளின் கதை நமக்கு எதற்கு? அது தளபதிகளின் வேலையல்லவா, தலைநகரில் இருப்போரின் கவலையல்லவா என்று கேட்கத் தோன்றும்.

அந்த எண்ணம் தவறு என்று எடுத்துக் காட்டவே இன்று நான் வந்திருக்கிறேன்.

பாதுகாப்புச் செலவு டில்லியிலே எழுதப்படுகிறது; ஆனால் அந்தப் பணம் தீப்பெட்டி வாங்குகிற ஏழையின் மடியிலிருந்தும் செல்கிறது. வானூர்தியைச் செலுத்துகிறவன் வானத்திலிருந்து குதித்தவன் அல்லன். யாரோ ஒரு தாய் பெற்ற பிள்ளை. போர் விமானங்கள் தங்கும் தளமும் எங்கோ இல்லை. 2020 ஜனவரியில் சுகோய் விமான அணியொன்று தஞ்சையிலே நிலைநிறுத்தப்பட்டது. நம் மாவட்டத்து வாகைக்குளத்தில் பயணிகளுக்கான புதிய முனையம் 2025 ஜூலை 26ஆம் நாள் திறக்கப்பட்டது. ஓடுபாதையும் 3 கிலோமீட்டர் அளவுக்கு நீட்டப்பட்டுள்ளது. அது மக்களின் பயணத்திற்காக எழுந்த நிலையம். எழட்டும், வளரட்டும், வரவேற்கிறோம். ஆயினும் போர் என்று ஒன்று மூளுமானால், நீண்ட ஓடுபாதை எதுவாயினும் பகைவன் தன் வரைபடத்தில் அதைக் குறித்து வைப்பான் என்பதை உலக வரலாறு காட்டுகிறது. ஆகவே இது நம் கதையுந்தான்.

விமானத் தளத்தைத் தாக்குவது ஏன்? வானத்தில் பறக்கும் விமானத்தை வீழ்த்துவது கடினம். தரையில் நிற்கும் விமானத்தை அழிப்பது எளிது. அழிக்க முடியாவிட்டாலும், அது மேலெழும் பாதையை உடைத்துவிட்டால் போதும். சிறகொடியாமலே பறவை சிறைப்படும். 1967 ஜூன் 5ஆம் நாள் காலையில் இஸ்ரேல் எகிப்துக்குச் செய்தது இதைத்தான். முதலில் ஓடுபாதைகளைப் பிளந்தனர். பிறகு மேலெழ இயலாமல் நின்ற விமானங்களைச் சுட்டுப் பொசுக்கினர். ஒரே நாளில் சற்றேறக்குறைய 300 விமானங்களை எகிப்து இழந்தது. அன்று தொட்டு உலகத்துப் படைத் தலைவர்கள் அனைவருக்கும் ஓடுபாதையின்மீது ஒரு கண்.

1971 டிசம்பர் 3ஆம் நாள் மாலையில் பாகிஸ்தானும் அதே பாடத்தை நம்மீது எழுதிப் பார்க்க விழைந்தது. அமிர்தசரசு, பதான்கோட், சீநகர், அம்பாலா, ஆக்ரா எனப் பல தளங்கள் தாக்கப்பட்டன. விளைவு என்ன? குழிகள் விழுந்தன, மூடப்பட்டன. நம் விமானப் படை முடங்கவில்லை. எகிப்திலே பலித்த வித்தை இங்கே பலிக்காமற் போனது எதனால்? இந்தக் கேள்வியில்தான் இன்றைய பேச்சின் பொருள் அடங்கியிருக்கிறது.

தோழர்களே! ஓடுபாதை என்பது பார்ப்பதற்கு ஒரு சாலை. உடைக்கப் போனால் ஒரு பாறை. கணக்கைப் பாருங்கள். குண்டு வீசும் விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது நொடிக்கு 250 மீட்டர். ராடாருக்குத் தப்ப வேண்டுமாகையால் தரையிலிருந்து 60 மீட்டர் உயரத்தில் வருகிறது. நம் ஊர்ப் பனைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றை நிறுத்தினால் எவ்வளவு உயரமோ, அவ்வளவுதான். அந்த உயரத்திலிருந்து நழுவவிட்ட குண்டு தரையைத் தொட மூன்றரை நொடியாகும். ஆனால் அது செங்குத்தாக விழுவதில்லை. விமானத்தின் வேகம் அதற்கும் உண்டல்லவா? குண்டு முன்னோக்கிப் பாய்ந்துகொண்டே தாழ்கிறது. ஏறத்தாழ எட்டுப் பாகைச் சாய்வில் காங்கிரீட்டைத் தொடுகிறது. குளத்திலே சிறுவன் எறியும் ஓட்டாஞ்சில்லு என்ன செய்யும்? தத்தித் தாவும். குண்டும் அதையே செய்யும். வழுக்கிக்கொண்டு ஓடி எங்கோ வெடிக்கும். அப்படியே தொட்ட இடத்தில் வெடித்தாலும், மேற்பரப்பில் ஒரு சிறு பள்ளமே மிஞ்சும்.

அது மட்டுமா? குண்டு தரையைத் தொடும் அதே நொடியில் விமானம் எங்கே இருக்கிறது? குண்டுக்கு நேர் மேலே, 60 மீட்டர் உயரத்திலே! வீசியவனையே அந்த வெடிப்பின் சிதறல் தின்னும். குண்டு உடனே வெடித்தால் விமானி சாவான். தாமதித்து வெடித்தால் குண்டு தாவி ஓடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே நூலிழைபோன்ற ஓர் இடைவெளிதான் கருவி செய்வோனுக்குக் கிடைக்கிறது.

அந்த இடைவெளி எத்துணைக் குறுகியது என்பதற்கு 1982ஆம் ஆண்டு பால்க்லாந்து போர் சான்று. அங்கே அர்ஜென்டினாவின் விமானிகள் கடலை உரசினாற்போல் தாழப் பறந்து வந்து பிரிட்டிஷ் கப்பல்கள்மீது குண்டு வீசினர். பல குண்டுகள் குறி தப்பவில்லை, கப்பலின் உடலைத் துளைத்து உள்ளே புகுந்தன, ஆனால் வெடிக்கவில்லை. வீசியவன் விலகிச் செல்வதற்காக வெடிதிரியில் வைத்திருந்த தாமதம், அத்தனை தாழ்ந்த உயரத்தில், முடிவதற்குள் குண்டு இலக்கை அடைந்துவிட்டது. உயிரைத் துச்சமாக மதித்துப் பாய்ந்தவனின் வீரத்தை ஒரு திரியின் கணக்கு வீணாக்கிற்று.

இந்தச் சிக்கலுக்குப் பொறியாளர்கள் கண்ட விடை என்ன? குண்டை வேகம் தணித்து, தலைகீழாக நிறுத்தி, பிறகு வேகமூட்டுவது. பிரான்சு நாட்டில் செய்த துராந்தால் என்னும் கருவி அத்தகையது. விமானத்திலிருந்து பிரிந்ததும் பாராசூட் விரியும், வேகம் தணியும், மூக்கு தரையை நோக்கிச் சாயும். பிறகு அதன் வாலிலுள்ள ராக்கெட் எரியும். காங்கிரீட்டைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கும். அடியிலே போய் வெடிக்கும். மேலே வெடித்தால் பள்ளம். அடியிலே வெடித்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்து எழும்பும். பள்ளத்தை மண்கொட்டி மூடலாம். பெயர்ந்த பாளத்தை வெட்டி அகற்றிய பின்னரே மூட முடியும்.

ஆனால் ஒரு குழி போதுமா? மீண்டும் கணக்குக்கு வருவோம். 3,000 மீட்டர் நீளமும் 45 மீட்டர் அகலமும் உள்ள ஓர் ஓடுபாதையை எண்ணிக்கொள்ளுங்கள். நட்ட நடுவிலே 10 மீட்டர் அகலக் குழி விழுந்தாலும், இருபுறமும் 17 மீட்டருக்கு மேல் மிச்சம். சிறிய போர் விமானம் ஓரமாகவே ஓடி எழுந்துவிடும். ஆகவே குறுக்கே ஒரு வரிசையாகவே குழி விழ வேண்டும். விமானம் மேலெழ 1,000 மீட்டர் வேண்டுமெனில், எந்தத் துண்டும் அந்த அளவுக்கு மிஞ்சாதபடி இரண்டு மூன்று இடங்களிலாவது அப்படிக் குறுக்கே வெட்ட வேண்டும். துணைப் பாதைகளையும் விடக்கூடாது. ஒரு தளத்தை முடக்க எத்தனை விமானம், எத்தனை குண்டு, எத்தனை உயிர் என்பதை இனி நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அதே பால்க்லாந்து போரில், 1982 மே 1ஆம் நாள், பிரிட்டன் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து ஒரு வல்கன் விமானத்தை அனுப்பி 21 குண்டுகளை உயரத்திலிருந்து வீசிற்று. ஓடுபாதையில் விழுந்தது ஒன்றே ஒன்று. அர்ஜென்டினாவின் சரக்கு விமானங்கள் அதன் பிறகும் அங்கே இறங்கின.

உயரத்திலிருந்து வீசினால் குறி தவறுகிறது. தாழ வந்து வீசினால் உயிர் தவறுகிறது. இதற்கு ஒரே விடை என்று பிரிட்டன் பெருமிதத்தோடு ஆக்கிய கருவிதான் ஜே.பி. 233. விமானத்தின் வயிற்றிலே தொங்கும் நீண்ட பெட்டி அது. ஒவ்வொரு பெட்டியிலும் ஓடுபாதையைப் பிளக்கும் சிறு குண்டுகள் 30. அவற்றோடு கண்ணிவெடிகள் 215. ஒரு டொர்னாடோ விமானம் இரண்டு பெட்டிகளைச் சுமக்கும்; எடை 4 டன்னுக்கு மேல். விமானம் ஓடுபாதையின் மேலே தாழப் பறந்து சென்றால், சிறு குண்டுகள் பாராசூட்டில் இறங்கும். முதல் வெடி காங்கிரீட்டில் துளையிடும். இரண்டாம் வெடி அந்தத் துளை வழியே இறங்கி அடியில் வெடிக்கும். கண்ணிவெடிகள் சுற்றிலும் சிதறிக் கிடக்கும். கருவி செய்வோன் கண்ணுக்கு இது குறையற்ற கருவி.

குறை எங்கே? விமானிக்கு இட்ட கட்டளையிலே இருக்கிறது. நேராகப் பற, தாழப் பற, திரும்பாதே, ஏறாதே, பகைவனின் பீரங்கிகள் நிறைந்த தளத்தின் நடு வயிற்றிலே பெட்டி காலியாகும் வரை ஒரே கோட்டில் செல்! இரவிலே, 60 மீட்டர் உயரத்தில், விமானத்தின் மூக்கு இரண்டே பாகை தாழ்ந்தால் ஏழு நொடியில் அது தரையில் மோதும். ஐந்து பாகை தாழ்ந்தால் மூன்று நொடி கூட இல்லை. கீழே வெடிக்கும் தன் குண்டுகளின் ஒளியே தன்னைப் பகைவனுக்குக் காட்டிக் கொடுக்கும். எதிரில் எழும்பும் குண்டுமாரியைக் கண்டு கை ஒரு கணம் நடுங்கினாலும் போதும்; பகைவன் சுட வேண்டியதில்லை; மண்ணே கொன்றுவிடும்.

1991 ஜனவரி 17ஆம் நாள் வளைகுடாப் போர் தொடங்கிற்று. டொர்னாடோக்கள் ஜே.பி. 233ஐச் சுமந்து ஈராக்கின் தளங்களை நோக்கிப் பாய்ந்தன. அந்தப் போரில் பிரிட்டன் 6 டொர்னாடோக்களைக் களத்தில் இழந்தது. நேர்மையாகச் சொல்ல வேண்டும், தோழர்களே! அவற்றுள் ஜே.பி. 233ஐ வீசச் சென்று மீளாதது ஒன்றுதான். அதுவும் வீசி முடித்த பின்னரே வீழ்ந்தது. எல்லா இழப்பையும் இந்தக் கருவியின் தலையில் சுமத்துவது முறையன்று. ஆனால் ஒரு வார காலத்திற்குள் பிரிட்டிஷ் விமானப் படை தாழ்ந்து பறக்கும் தாக்குதலையே கைவிட்டு உயரே ஏறிற்று. உயரே ஏறியதும் ஜே.பி. 233 பயனற்ற சுமையாயிற்று; ஏனெனில் அது தாழப் பறப்பதற்கென்றே பிறந்த கருவி. பிறகு லேசர் ஒளியால் வழிகாட்டும் குண்டுகளே வேலையை முடித்தன.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐரோப்பாவில் சோவியத் அணியோடு போர் மூளும் என்ற எண்ணத்தில் ஆக்கிய கருவி அது. ஈராக்கின் தளங்களோ பரந்து விரிந்தவை. ஒன்றுக்கு மேற்பட்ட ஓடுபாதைகளும் எண்ணற்ற துணைப் பாதைகளும் கொண்டவை. மேலும், ஈராக்கின் விமானப் படையில் பெரும்பகுதி பறக்கவே முன்வரவில்லை. பறக்காத பறவைக்கு வலை விரிக்க உயிரைப் பணயம் வைத்தனர்! கருவி நன்றாக வேலை செய்தது; வேலைதான் தேவைப்படவில்லை. பல கோடி பணத்தையும் பல்லாண்டு உழைப்பையும் விழுங்கிய ஒரு திட்டத்திற்கு இதனினும் கொடிய தீர்ப்பு வேறென்ன?

நம் நாட்டின் கதையையும் பார்ப்போம். அதிலே பெருமையும் உண்டு, படிப்பினையும் உண்டு. 1971 டிசம்பர் 4ஆம் நாள் டாக்கா நகரத்துத் தேஜ்காவ் தளத்தின்மீது நம் விமானங்கள் தாழப் பறந்து தாக்கின. பகைவனின் சேபர் விமானங்கள் மறைவிடங்களில் பாதுகாப்பாக நின்றன; நம் ஹண்டர் விமானங்களிற் சில திரும்பவில்லை. அப்போது வழி மாற்றப்பட்டது. 6ஆம் நாள், கௌஹாத்தியிலிருந்து புறப்பட்ட மிக் 21 விமானங்கள் ஆளுக்கு இரண்டாக 500 கிலோ குண்டுகளைச் சுமந்து சென்றன. இலக்கை அணுகும் வரை தாழப் பறந்தன. அணுகியதும் மேலெழும்பிச் செங்குத்தாகச் சரிந்து ஓடுபாதையை மட்டும் குறிவைத்தன. ஓடுபாதை பிளந்தது. பழுது பார்க்க முயன்றனர். மறுநாளும் தாக்குதல் தொடர்ந்தது. சேபர்கள் சேதமின்றி நின்றும் செத்தவை போலாயின. டிசம்பர் 16இல் டாக்கா வீழ்ந்தது.

புதுமையான பெட்டி இல்லை. ராக்கெட் பூட்டிய குண்டு இல்லை. சாதாரணக் குண்டும் சரியான சிந்தனையும் அந்த வேலையைச் செய்தன. பலிக்காத வழியில் மேலும் பிள்ளைகளைப் பலியிடாமல், இரண்டே நாளில் வழியை மாற்றியதுதான் அங்கே அறிவுடைமை.

ஓட்டப்பிடாரத்து மக்களுக்கு வீரத்தைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வ.உ.சி. பிறந்த ஊர் இது. வெள்ளையரின் வெடிமருந்துக் கிடங்கைத் தன்னுயிரைத் தந்து தகர்த்தான் என்று இந்த மண் போற்றுகிற சுந்தரலிங்கம் பிறந்த கவர்னகிரி அருகிலேதான் உள்ளது. அந்தத் தியாகத்துக்கு நாம் தலைவணங்குகிறோம். வேறு வழியற்றவன் உயிரைக் கருவியாக்கினான், அது வீரம். ஆனால் வழியும் வசதியும் உள்ள ஓர் அரசு, கருவியின் குறையை ஈடுகட்ட வீரனின் உயிரைக் கேட்குமானால், அதற்கு வீரம் என்று பெயரில்லை. பொறுப்பின்மை என்றுதான் பெயர். முத்துக்குளிக்க இறங்குகிறவன் தன் மூச்சைத்தான் நம்புகிறான் என்று எண்ணாதீர்கள். படகிலே கயிறு பிடிப்பவனை நம்புகிறான். மைத்துனன் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்குவது நம் கரையோர வழக்கம் என்பார்கள். விமானியின் கயிறு யார் கையில்? கருவியைத் தேர்ந்தெடுத்து, பணம் ஒதுக்கி, கட்டளையிடும் ஆட்சியாளர் கையில்! அந்தக் கை கவனமாக இருக்கிறதா என்று பார்ப்பது நம் கடமை.

இதுவரை பறப்பவனைப் பற்றிச் சொன்னேன். இனி, பழுது பார்ப்பவனைப் பற்றிச் சொல்கிறேன்.

பக்கத்திலிருக்கும் பாஞ்சாலங்குறிச்சியை எண்ணுங்கள். 1799இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டான் வெள்ளையன், கோட்டையையும் இடித்தான். கதை முடிந்தது என்று கணக்குப் போட்டான். 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து மீண்டான். சில நாட்களுக்குள் மண்கோட்டை மீண்டும் எழுந்து நின்றது. அந்த ஆண்டு மார்ச் 31ஆம் நாள் கும்பினிப் படை தாக்கித் தோற்றது. பெரும்படை திரட்டி மே 24ஆம் நாள்தான் அதைப் பிடிக்க முடிந்தது. பீரங்கி வைத்திருந்தவனுக்கு இடிக்கத் தெரிந்தது. மண்வெட்டி வைத்திருந்தவனுக்குக் கட்டத் தெரிந்தது. உடைப்பது ஒரு நாள் வேலை. உடைந்தே இருக்கச் செய்வதுதான் உண்மையான போர்.

170 ஆண்டுகளுக்குப் பின்னர் அதே உண்மை குசராத்தின் புஜ் நகரில் மெய்ப்பட்டது. 1971 டிசம்பரில் அங்கிருந்த தளத்தின் ஓடுபாதையைப் பாகிஸ்தான் குண்டுவீசிச் சிதைத்தது. பழுது பார்க்க ஆளில்லை. பக்கத்து மாதாபர் கிராமத்திலிருந்து சற்றேறக்குறைய 300 பெண்கள் வந்தனர். வீட்டையும் பிள்ளைகளையும் விட்டு வந்த அந்தத் தாய்மார்கள், அபாயச் சங்கு ஒலித்தால் புதர்களில் ஒளிந்தும், ஓய்ந்தால் ஓடிவந்தும், 72 மணி நேரத்தில் ஓடுபாதையைச் செப்பனிட்டுக் கொடுத்தனர். பகைவனின் குண்டு செய்த வேலையைக் கூடையும் மண்வெட்டியும் தோற்கடித்தன. விமானப் படை என்றால் விமானி மட்டுமல்லன். கல் சுமந்த கூலிக்காரியும் அந்தப் படையே!

இங்கேதான், தோழர்களே, ஒரு கொடிய சிந்தனை தலைகாட்டுகிறது. ஓடுபாதையை உடைத்தாலும் உழைப்பாளி வந்து மூடிவிடுகிறானே. அவனை வரவொட்டாமல் தடுப்பதெப்படி? ஜே.பி. 233 பெட்டியில் 30 குண்டுகளோடு 215 கண்ணிவெடிகள் இருந்தன என்றேனே, அவை எதற்காக? காங்கிரீட்டுக்காக அல்ல, செப்பனிட வரும் மனிதருக்கும் அவர்கள் ஓட்டிவரும் இயந்திரங்களுக்குமாக. மாதாபரின் தாய்மார்கள் போன்றவர்கள் கூடையோடு வருவார்கள் என்று எண்ணிப் பார்த்து, அவர்கள் கால் வைக்கும் இடத்திலே வைக்கப்படும் பொறி அது. படைநூல் அதனைப் பகுதி தடுப்பு என்று நாகரிகமாக அழைக்கிறது. நாம் அதன் உண்மைப் பெயரைச் சொல்லியே அழைப்போம்.

மூன்றாமவன், போர் முடிந்த பின் அந்த மண்ணில் நடப்பவன். ஓடுபாதை மூடப்படும், அரசுகள் கைகுலுக்கும், சமாதான உடன்படிக்கை எழுதப்படும். கண்ணிவெடிக்கு உடன்படிக்கை தெரியாது. வெடிக்காமற் கிடக்கும் சிறு குண்டுக்குப் படைவீரன் கால் எது, பள்ளிச் சிறுவன் கால் எது என்று தெரியாது. இதற்குச் சான்று தேடி ஐரோப்பாவுக்குப் போக வேண்டாம். தூத்துக்குடிக் கடலைக் கடந்தால் போதும். இலங்கையில் போர் 2009 மே மாதம் முடிந்தது. அதன் பின்னரும் பல்லாண்டுகளாக முகமாலையின் மணலில் நம் தமிழ்ப் பெண்கள் முழந்தாளிட்டு, சாண் சாணாக மண்ணைத் துழாவி, கண்ணிவெடிகளை எடுத்து வந்தனர். அவை விமானத்திலிருந்து விழுந்தவை அல்ல. இரு தரப்பும் தரையில் புதைத்தவை. ஆனால் மிதிக்கும் காலுக்கு என்ன வேற்றுமை? விதைத்த கை போய்விட்டது. அறுவடை மட்டும் பெண்கள் கையில் விடப்பட்டது.

இக்கொடுமையை உலகம் ஒருவாறு உணர்ந்தது. 1997இல் ஒட்டாவா நகரில் மனிதரைக் கொல்லும் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரிட்டன் அதனை ஏற்றது, ஏற்றவுடன் ஜே.பி. 233ஐக் கைவிட நேர்ந்தது. கொத்துக் குண்டுகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 2008இல் உருவாகி 2010 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2017 டிசம்பரில் முதல் உடன்படிக்கையிலும் 2018 மார்ச்சில் இரண்டாவதிலும் சேர்ந்தது. இந்தியா இரண்டிலும் சேரவில்லை. பாகிஸ்தான் சேரவில்லை, சீனா சேரவில்லை, அமெரிக்காவும் ரஷ்யாவும் சேரவில்லை. நாங்கள் மட்டும் எப்படிச் சேர்வது என்பது ஆட்சியாளர் கூறும் சமாதானம். 2025இல் ஐரோப்பாவிலேயே சில நாடுகள் ரஷ்யாவின் அச்சத்தால் இந்த உடன்படிக்கைகளிலிருந்து விலக முற்பட்டன என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். அந்த வாதத்தை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை. எல்லையிலே நிற்பவனின் அச்சம் பொய்யன்று. ஆனால் அதற்கு விடையும் உண்டு.

அந்த விடையை நம் நாட்டு அறிவியலாளர்களே தந்திருக்கிறார்கள்! நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் விமானத் தளங்களைத் தாக்குவதற்கென ஓர் ஆயுதத்தை ஆக்கியிருக்கிறது. 125 கிலோ வகையைச் சேர்ந்தது. சிறகு விரித்து மிதந்து 100 கிலோமீட்டர் வரை செல்லக்கூடியது. 2016 முதல் ஜாகுவார் முதலிய விமானங்களிலிருந்து பலமுறை அதைச் சோதித்துப் பார்த்தனர். 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில் செயற்கைக்கோள் வழிகாட்ட ஒன்றும் ஒளிப்படக் கருவி வழிகாட்ட ஒன்றுமாகச் சோதித்தனர். இதன் பொருள் என்ன? விமானி ஓடுபாதையின் மேலே பறக்க வேண்டியதில்லை. பகைவனின் பீரங்கி எட்டாத தொலைவிலே ஆயுதத்தை விடுத்துத் திரும்பிவிடலாம். கண்ணிவெடியைச் சிதறவிடவும் தேவையில்லை. மூடினால் மீண்டும் குறிதவறாமல் உடைக்கலாம். 2025 மே 10ஆம் நாள் பாகிஸ்தானின் விமானத் தளங்கள்மீது இந்தியா நடத்திய தாக்குதலிலும் தொலைவிலிருந்து ஏவும் ஆயுதங்களே முன்னின்றன. ரகீம்யார்கான் தளத்து ஓடுபாதையில் விழுந்த பெருங்குழியை உலகமே படத்தில் கண்டது. அப்படியானால், மனிதரைக் கொல்லும் கண்ணிவெடியும் கொத்துக் குண்டும் இல்லாமலே நாட்டைக் காக்க முடியும் என்பதற்கு நம் கையிலேயே சான்று இருக்கிறது. சான்று இருந்தும் உடன்படிக்கையில் கையெழுத்திடத் தயங்குவது ஏன்? இதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

தொலைவிலிருந்து ஏவினால் எல்லாம் நலமே என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆபத்து மறைவதில்லை, இடம் மாறுகிறது. விமானிக்கு ஆபத்துக் குறையக் குறைய, போரைத் தொடங்குகிறவனுக்குத் தயக்கமும் குறையும். வழிகாட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞையைக் குழப்பிவிட்டால் ஆயுதம் வழிதவறும். வழிதவறியது விழும் இடம் ஒரு கிராமமாக இருக்கலாம். மேலும், நாம் செய்வதைப் பகைவனும் செய்வான். 2025 ஜூன் 1ஆம் நாள் உக்ரைன், லாரிகளில் மறைத்துக் கொண்டுபோன சிறு ட்ரோன்களை ரஷ்யாவின் உள்நாட்டுத் தளங்கள்மீது ஏவிற்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே இருந்த தளமும் தப்பவில்லை. எல்லைக்கு அப்பால் இருக்கிறோம், எமக்கென்ன என்று எந்தத் தளத்தை ஒட்டிய ஊரும் இனி உறங்க முடியாது. தளத்தைச் சுற்றி வாழும் மக்களுக்குப் பதுங்கிடம் உண்டா, எச்சரிக்கை உண்டா, மருத்துவமனையில் படுக்கை உண்டா என்று கேட்பதும் பாதுகாப்புக் கொள்கையைச் சேர்ந்ததே.

இப்படியெல்லாம் கேட்டால், படையின் இரகசியத்தில் தலையிடுகிறான் என்பார்கள். தேசபக்தி இல்லாதவன் என்றுகூடத் தூற்றுவார்கள். தோழர்களே! எந்த விமானம் எந்த நாளில் எங்கே பறக்கும் என்று நாம் கேட்கவில்லை. அது இரகசியம், இரகசியமாகவே இருக்கட்டும். நாம் கேட்பது வேறு. பாராளுமன்றம் கேட்க வேண்டியதை, அதன் பாதுகாப்பு நிலைக்குழு ஆராய வேண்டியதை, தணிக்கைத் துறை எடைபோட வேண்டியதைக் கேட்கிறோம். ஓர் ஆயுதத்தை வாங்குமுன், அல்லது ஆக்குமுன், நான்கு கேள்விகளுக்கு விடை வேண்டும். இது எந்தப் போருக்காக ஆக்கப்பட்டது; நம் எல்லையில் நேரக்கூடிய போர் அதுதானா? இதைச் செலுத்துகிறவன் உயிரோடு திரும்ப என்ன வழி செய்யப்பட்டிருக்கிறது? பழுது பார்க்க வரும் உழைப்பாளியை இது குறிவைக்கிறதா? போர் முடிந்த பின் இதில் எது மண்ணில் கிடக்கும், அதை எடுப்பவர் யார்? முதல் கேள்வியைக் கேளாததால் பிரிட்டன் பொருளை இழந்தது. இரண்டாவதை இரண்டே நாளில் கேட்டதால் டாக்காவில் நாம் வென்றோம். மூன்றாவதையும் நான்காவதையும் கேட்டவர்கள் கண்ணிவெடிக்குத் தடை கொண்டுவந்தார்கள்.

இந்த நான்கு கேள்விகளையும் உங்கள் ஊர்த் திண்ணைக்கும் தேநீர்க் கடைக்கும் எடுத்துச் செல்லுங்கள். வாக்குக் கேட்டு வருகிறவரிடம் சாலையைப் பற்றிக் கேட்பது போலவே, இந்த உடன்படிக்கைகளைப் பற்றியும் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாதிருக்கலாம். கேட்ட பிறகு தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது. நாட்டைக் காக்க ஆயுதம் வேண்டும். அதை மறுப்பவர் இங்கே யாருமில்லை. அந்த ஆயுதம், அதைத் தாங்கிச் செல்லும் நம் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதாக இருக்க வேண்டும். மண்வெட்டியோடு வரும் தாயின் காலடியில் வெடிக்காததாக இருக்க வேண்டும். போர் ஓய்ந்த நிலத்தை உழவனுக்கு உழுவதற்கு விட்டுவைப்பதாக இருக்க வேண்டும். இவ்வளவும் கேட்பது பேராசையன்று. பணம் கொடுக்கிறவனும் பிள்ளையைக் கொடுக்கிறவனும் கேட்கக்கூடிய மிகக் குறைந்த கணக்கு இது. அந்தக் கணக்கைக் கேட்கும் துணிவு உங்களிடம் உண்டு என்ற நம்பிக்கையோடு விடைபெறுகிறேன்.